சாம்பா முழவு

1888-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பாஹியா மாநிலத்து ஆப்பிரிக்க வழியினர் பலர், பிழைப்பு நாடி, அன்றைய தலைநகரான ரியோ டி ஜெனிரோவில் குடியேறினர். அவர்தம் முற்றங்களில் தழைத்த இசையே சாம்பா. காவலர் கெடுபிடியையும் அது தாங்கி நின்றது. 1932-இல் சாம்பாப் பள்ளிகளின் முதற் போட்டி நடந்தது.

தோலை ஒட்டிக் கம்பியிழை கட்டிய ஐரோப்பியப் படைமுழவு, அங்கே 'கய்ஷா' என்னும் விழாமுழவாயிற்று. அதைப் பயிலப் புகுவோர், தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் நான்கு தட்டுகளை, கை மாற்றி, சீராகத் தட்டப் பழகுகின்றனர். பின்னரே சிலவற்றை அழுத்தி, ஏனையவற்றை மெலிவிக்கின்றனர். அழுத்தம் விழும் இடமே பள்ளிக்குப் பள்ளி மாறும் அடையாளம்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் இதனை எளிதில் உணர்வோம்: குடிபெயர்ந்தோர் சுமந்து வந்த ஒலி, புகுந்த ஊரின் குரலாகவே ஆகிவிட்டது.