24 வினாடியும் 148 அடியும்: ஹிக்ஸன் ரயில்வே கேட்டின் கதை



வரலாறு என்றாலே ராஜா, போர், கோட்டை என்றுதான் நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரு டிரெய்லருக்கும் வரலாறு உண்டு. ஒரு டிரெய்லர் ஒரு நாட்டின் ரயில்வே விதிகளையே மாற்றி எழுத வைத்த கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பொக்லைன், கிரேன், டிரான்ஸ்பார்மர், காற்றாலை இறக்கை என்று எந்தப் பெரிய இயந்திரமும் தானாக ஊர் விட்டு ஊர் போகாது. அதைச் சுமக்க ஒரு கனரக டிரெய்லர் வேண்டும். தளம் தரையோடு தரையாகத் தாழ்ந்து இருப்பதால் இதை லோ பெட் டிரெய்லர் என்பார்கள். ஏன் தாழ்வாக இருக்க வேண்டும்? மேலே ஏற்றும் சுமையே அவ்வளவு உயரம். பாலத்திலும் மின்கம்பியிலும் இடிக்காமல் போக வேண்டுமென்றால் தளத்தைக் கீழே இறக்கியாக வேண்டும். ஆனால் தளம் இறங்கினால் மேடான இடங்களில் அடிப்பாகம் தட்டும். இந்தக் கதை முழுக்க இந்த மேலே-கீழே சிக்கல் வந்துகொண்டே இருக்கும், கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆள் இல்லாத கேட்

பிரிட்டனில் பழைய ரயில்வே கேட்டுகளில் ஆள் இருந்தார். அவர் கேட்டை மூடிய பிறகுதான் ரயிலுக்குச் சிக்னல் விழும். நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்! பாதுகாப்பான முறைதான். ஆனால் சம்பளச் செலவு அதிகம், சாலையில் காத்திருப்பும் அதிகம்.

ஐரோப்பாவின் வேறு சில நாடுகளில் அப்போதே தானியங்கி கேட்டுகள் வந்துவிட்டன. அதைப் பார்த்து பிரிட்டனும் 1961-இல் ஸ்பாத் என்ற இடத்தில் தனது முதல் தானியங்கி அரைத் தடுப்பு கேட்டை அமைத்தது. அரைத் தடுப்பு என்றால், சாலையின் பாதி அகலத்தை மட்டும் மறைக்கும் கட்டை. உள்ளே மாட்டிக்கொண்ட வண்டி வெளியேற மறுபாதி திறந்திருக்கும்.

இது எப்படி வேலை செய்தது? ரயில் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் தண்டவாளத்தில் உள்ள மின் இணைப்பை மிதித்ததும் சிவப்பு விளக்குகள் மின்னும், மணி அடிக்கும். சில வினாடிகளில் கட்டை இறங்கும். இன்னும் சில வினாடிகளில் ரயில் வந்துவிடும். விளக்கு மின்னத் தொடங்கியதிலிருந்து ரயில் வரும்வரை கிடைப்பது வெறும் 24 வினாடி.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். கேட்டில் வண்டி நின்றாலும் ரயிலுக்குத் தெரியாது. சிக்னலுக்கும் கேட்டுக்கும் பழையபடி தொடர்பு இல்லை. கார், லாரி, சைக்கிளுக்கு 24 வினாடி தாராளம். யாருக்குப் போதாது? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் அழுத்தமாகக் கேட்கவில்லை.

1968 ஜனவரி 6

ஸ்டாஃபோர்டு நகரில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து 120 டன் எடையுள்ள ஒரு டிரான்ஸ்பார்மரை ஹிக்ஸன் கிராமத்தின் பழைய விமானத்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சேமித்து வைக்க அதுதான் இடம். வேலையை எடுத்தது ராபர்ட் வின் அண்ட் சன்ஸ் என்ற புகழ்பெற்ற கனரகப் போக்குவரத்து நிறுவனம். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்!

முன்னால் இழுக்க ஒரு இழுவை வண்டி, பின்னால் தள்ள ஒரு இழுவை வண்டி, நடுவில் டிரெய்லர். மொத்த நீளம் 148 அடி, அதாவது சுமார் 45 மீட்டர். முன்னே போலீஸ் கார். பயணத்துக்கு அரசு அனுமதியும் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

மதியம் பன்னிரண்டரை மணியை நெருங்கும் நேரம். வண்டி ஹிக்ஸன் கேட்டுக்கு வந்தது. அந்தப் பாதை மின்மயமானது, மேலே 25,000 வோல்ட் கம்பி. டிரான்ஸ்பார்மரின் தலை கம்பியை நெருங்கிவிடுமோ என்ற பயம். எனவே ஓட்டுநர் வேகத்தை மணிக்கு 2 மைல் அளவுக்குக் குறைத்தார். நாம் நடக்கும் வேகத்தைவிட மெதுவு. குழுவினரின் கண்கள் எல்லாம் மேலே.

அவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை என்பதுதான் இதில் மனதை வருத்துவது. தங்களுக்குத் தெரிந்த ஆபத்தை மிகக் கவனமாகத்தான் கையாண்டார்கள். தெரியாத ஆபத்து தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்தது. மான்செஸ்டரிலிருந்து லண்டன் யூஸ்டன் போகும் எக்ஸ்பிரஸ், மணிக்கு சுமார் 75 மைல் வேகம்.

முன் வண்டி தண்டவாளத்தைத் தாண்டிய பிறகு விளக்குகள் மின்னத் தொடங்கின. கட்டை இறங்கியது. ஓட்டுநர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்கள். ஆனால் அத்தனை டன் எடை ஒரு நொடியில் வேகம் எடுக்காது. ரயில் டிரெய்லரின் மீது மோதி, டிரான்ஸ்பார்மரைத் தூக்கி எறிந்தது. ரயிலின் முன்பகுதிப் பெட்டிகள் சிதைந்தன. ரயில்வே ஊழியர் 3 பேர், பயணிகள் 8 பேர், ஆக 11 பேர் இறந்தார்கள். 45 பேர் காயமடைந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

எட்டாம் வகுப்புக் கணக்குதான், பேனாவை எடுங்கள்.

மணிக்கு 2 மைல் என்றால் வினாடிக்கு சுமார் 0.9 மீட்டர். 45 மீட்டர் வண்டி தன் நீளத்தைக் கடக்கவே 50 வினாடி. கேட்டின் அகலத்தையும் சேர்த்தால் ஒரு நிமிடம். கிடைத்த அவகாசம் 24 வினாடி. அதில் வண்டி நகரக்கூடியது 21 மீட்டர், தன் நீளத்தில் பாதிகூட இல்லை. அதே 24 வினாடியில் மணிக்கு 75 மைல் ரயில் 800 மீட்டர் வந்துவிடும். ரயில் டிரைவர் கேட்டைப் பார்த்த பிறகு பிரேக் போட்டு நிறுத்தவும் வழியில்லை.

வண்டி நுழையும்போது விளக்கு எரியாமல் இருந்ததே, அப்புறம் எப்படி என்று கேட்கலாம். அதுதான் விஷயமே! விளக்கு எரியவில்லை என்றால் "அடுத்த 24 வினாடிக்கு ரயில் வராது" என்று மட்டும்தான் அர்த்தம். ஒரு நிமிடம் தேவைப்படும் வண்டிக்கு அந்த உத்தரவாதம் போதாது. புறப்படும் முன்பே, ஸ்டாஃபோர்டிலேயே, ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்திருக்கக்கூடிய கணக்கு இது. யாரும் போடவில்லை.

அருகிலேயே இருந்த போன்

கேட்டின் பக்கத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. அதில் சிக்னல்மேனைக் கூப்பிட்டு "பெரிய வண்டி கடக்கப் போகிறது" என்று சொல்லியிருந்தால் ரயிலை நிறுத்தியிருக்கலாம். ஓட்டுநர் கூப்பிடவில்லை. கூட வந்த போலீஸாரும் கூப்பிடவில்லை. அப்படிச் செய்ய வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அறிவிப்புப் பலகை இருந்தது, ஆனால் ஓடும் வண்டியில் இருப்பவர் கவனித்துப் படிக்கும்படி இல்லை.

சரி, முன்கூட்டியே எச்சரிக்கை ஏதும் கிடைக்கவில்லையா? கிடைத்தது! 1966 நவம்பரில் லெம்ஸ்டர் என்ற ஊரில் இதே நிறுவனத்தின் வண்டி ஒன்று இதே மாதிரி தானியங்கி கேட்டில் சிக்கிக்கொண்டது. அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை. நிறுவனம் கவலைப்பட்டு ரயில்வேக்குக் கடிதம் எழுதியது. வந்த பதிலின் சாரம், கேட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்வது வண்டிக்காரரின் பொறுப்பு என்பதுதான். போனைப் பயன்படுத்துங்கள் என்ற தகவல் வண்டி ஓட்டும் ஆட்களைப் போய்ச் சேரவே இல்லை. அடுத்த 14 மாதத்தில் ஹிக்ஸன்.

விபத்தை விசாரித்தவர் பிரையன் கிப்பன்ஸ் என்ற வழக்கறிஞர். அவர் அறிக்கை ஓட்டுநர் தலையில் பழியைக் கட்டிவிட்டு முடிந்துவிடவில்லை. ரயில்வே, போக்குவரத்து அமைச்சகம், டிரெய்லர் நிறுவனத்தின் நிர்வாகம் என்று மேலே இருந்தவர்களின் தவறுகளையும் எடுத்து வைத்தது. அந்த லெம்ஸ்டர் பதில் கடிதம் அறிக்கையில் கடுமையான கண்டனத்துக்கு ஆளானது.

என்ன மாறியது?

பெரிய எழுத்தில், சாலையை நோக்கி, வண்டியை நிறுத்தக்கூடிய இடத்திலேயே பலகைகள் வந்தன. பெரிய வண்டியும் மெதுவான வண்டியும் போன் செய்து அனுமதி பெற்றே கடக்க வேண்டும் என்றானது. 2.9 மீட்டருக்கு மேல் அகலம் என்றால் பெரிய வண்டி. மணிக்கு 5 மைல் அல்லது அதற்குக் குறைவு என்றால் மெதுவான வண்டி. சிவப்புக்கு முன் மஞ்சள் விளக்கு வந்தது. எச்சரிக்கை நேரமும் கூட்டப்பட்டது.

ஆனால் பாடம் கடல் தாண்டிப் போகவில்லை போலிருக்கிறது. 1993 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், இன்டர்செஷன் சிட்டி அருகே, ஒரு மின்நிலையத்துக்கு 82 டன் டர்பைன் ஏற்றிப்போன நீண்ட டிரெய்லர் ரயில் கேட்டின் மேட்டில் தட்டியது. தளத்தின் உயரத்தைக் கூட்டும் வேலை தண்டவாளத்தின் மேலேயே நடந்துகொண்டிருந்தபோது ஆம்ட்ராக் பயணிகள் ரயில் வந்து மோதியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயம். உயிரிழப்பு இல்லாதது அதிசயம்தான். அங்கேயும் ரயில்வேக்கு முன்கூட்டியே யாரும் தகவல் சொல்லவில்லை. ஹிக்ஸனில் மேலே உள்ள கம்பி, ஃபுளோரிடாவில் கீழே உள்ள மேடு. நான் முதலில் சொன்ன மேலே-கீழே சிக்கல் இதுதான்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 18 அன்று டெக்ஸாஸின் பேகோஸ் நகரில் பெரும் சுமை ஏற்றிய டிரெய்லர் மீது சரக்கு ரயில் மோதி, ரயில்வே ஊழியர் இருவர் இறந்தார்கள்.

இந்த வரலாறு கற்றுத்தரும் ஓட்டும் முறை

1. நீளத்தை வேகத்தால் வகுக்க வேண்டும். கடக்க எத்தனை வினாடி என்று தெரியாமல் எந்தக் கேட்டிலும் நுழையக் கூடாது. மறுபக்கம் முழு வண்டியும் நிற்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2. பாதையை ஒரு நாள் முன்பே சிறு வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும். கம்பியின் உயரம், மேட்டின் வளைவு இரண்டையும் அளக்க வேண்டும். தளத்தைச் சரிசெய்வது தண்டவாளத்துக்கு முன்னால் நடக்கட்டும், தண்டவாளத்தின் மேல் வேண்டாம்.

3. ரயில்வேக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். சிக்கிவிட்டால் முதலில் ஆட்கள் இறங்கி விலக வேண்டும், அடுத்து போன், அதன் பிறகுதான் வண்டி.

4. பராமரிப்பும் இதில் அடக்கம். கனரக டிரெய்லரின் ஏர் பிரேக் ஒரு விசித்திரமான சாதனம். காற்று இறங்கினால் பிரேக் விடாது, மாறாகப் பிடித்துக்கொள்ளும். இழுவை வண்டியிலிருந்து டிரெய்லர் கழன்று ஓடினால் தானாக நிற்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் விரிசல் விட்ட ஒரு ஹோஸ் பைப் தண்டவாளத்தின் நடுவே காற்றை இறக்கினால் அதே ஏற்பாடு வண்டியை அங்கேயே பூட்டிவிடும்! காலையில் ஐந்து நிமிடம் செலவழித்து ஹோஸ், இணைப்பு, காற்றழுத்த மீட்டர் பார்ப்பது இதற்காகத்தான்.

5. டயர், சங்கிலி, இணைப்பு முள் எல்லாவற்றையும் புறப்படும் முன்பும், கொஞ்ச தூரம் போன பிறகும் பார்க்க வேண்டும். ஓட ஓட சுமை அசைந்து சங்கிலி தளரும். தாங்கு கால்கள் முழுதாக மேலே ஏறியிருக்க வேண்டும். பாதி இறங்கிய கால் முதல் மேட்டிலேயே தட்டும்.

முடிவாக

ஹிக்ஸனில் ஒரு போல்ட்டும் உடையவில்லை. பிரேக் நன்றாக இருந்தது. கேட் வடிவமைத்தபடியே வேலை செய்தது. ரயில் சரியான பாதையில் வந்தது. ஓட்டுநர் மெதுவாகத்தான் போனார். எல்லாம் சரியாக இருந்தும் 11 பேர் இறந்தார்கள். காரணம், தெரிந்தவர்களிடமிருந்து தெரிய வேண்டியவர்களுக்குத் தகவல் போகவில்லை. கேட்டின் நேரம் ரயில்வேக்குத் தெரியும். வண்டியின் வேகம் நிறுவனத்துக்குத் தெரியும். பாதை அமைச்சகத்துக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட ஒருவரும் இல்லை.

அடுத்த முறை சிவப்புக் கொடி கட்டி, ஆமை வேகத்தில் ஊர்ந்து போகும் ஒரு டிரெய்லருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஹாரன் அடித்துக் கோபப்படாதீர்கள். அந்த வண்டிக்கு ஒரு நிமிடம் தேவைப்படும் இடத்தில் அதைக் கொடுங்கள்.