கரும்பித்தம்

"சேர், மெலன்கொலி எண்டா என்ன?" வகுப்பிலே ஒரு பிள்ளை கேட்டது. 'கவலை' என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். ஆனால் அச்சொல்லின் கிரேக்க மூலம் கரும்பித்தம்; அது மிஞ்சினால் மனம் இருளும் என்பது பண்டை வைத்தியர் கொள்கை. அக்லபியர் காலத்துக் கைரவானில் வைத்தியர் இஸ்ஹாக் இப்னு இம்ரான் இதற்கென்றே அரபியில் தனிநூல் எழுதினார். பிள்ளையைப் பறிகொடுத்தவர், நூல்களை இழந்த அறிஞர், ஏன், அளவுமீறி வணங்கும் பக்திமான்கள்கூட இந்நோய்க்கு ஆளாவர் என்றார் அவர். 11ஆம் நூற்றாண்டில் ஆபிரிக்கக் கொன்ஸ்தந்தீன் அதை இலத்தீனுக்குக் கொண்டுபோனார். 1621இல் ரொபர்ட் பேர்ட்டன் ஆங்கிலத்தில் அதே பொருளில் பெருநூல் எழுதினார். கவிஞர் கைபட்டு, நோய் இனிய ஏக்கமாகவும் ஆயிற்று.

வாப்பா மௌத்தாகி உம்மா ஒடுங்கிப்போனபோது, 'ஈமான் காணாது' எண்டுதான் சனம் சொன்னது. நாங்களும் நம்பினோம். வைத்தியரிடம் கூட்டிப்போக இரண்டு வருசம் சென்றது.