பால் சந்தையில் தொடங்கியது

கென்யாவின் வடகிழக்கே உள்ள வஜீர், ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் சோமாலியர் வாழும் வறண்ட பகுதி. 1990களின் தொடக்கத்தில் வறட்சியில் மந்தைகள் மடிந்தன. எல்லைக்கு அப்பால் சோமாலிய அரசு சரிந்ததும் துப்பாக்கிகள் மலிந்தன. தேகோடியா, அஜுரான், ஒகாடேன் குலங்களிடையே மூண்ட மோதல் சந்தைக்கும் வந்தது: வேற்றுக் குலத்துப் பெண்ணிடம் வாங்காதே, அவளுக்கு விற்காதே. மந்தை பெரும்பாலும் ஆண்களின் சொத்து. பால் விற்ற காசு பெண்களுடையது. அதில்தான் உலை கொதித்தது.

1992இல் ஒரு கல்யாண வீட்டில் கூடிய பெண்கள் இதைப் பேசினார்கள். தேகா இப்ராஹிம் அப்தி அவர்களில் ஒருவர். எந்தக் குலத்துப் பெண்ணும் சந்தையில் வாங்கவும் விற்கவும் முடிகிறதா என்று தாங்களே கண்காணித்தார்கள். (இதை ‘சிறு முயற்சி’ என்று எழுதுபவர்கள் அந்தச் சந்தையில் நின்று பார்த்திருக்க வேண்டும்.) அதன் பிறகே குல மூப்பர்களிடம் போனார்கள். 1993இல் மூப்பர்கள் அல் ஃபத்தா பிரகடனத்துக்கு வந்தார்கள். 1995இல் வஜீர் அமைதி வளர்ச்சிக் குழு உருவானது. 2007இல் தேகாவுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

சோமாலிய வழக்காற்றுச் சட்டப்படி கொல்லப்பட்ட ஆணுக்கு ஈடு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50.