மூணுல ஒண்ணு: 1801 முதல் 2020 வரை ஒரு துப்பாக்கிக் கணக்கு

இன்னைக்கு எபிசோட் துப்பாக்கிகளைப் பத்தி. ஆனா இதில் யாரும் யாரையும் சுடப்போறதில்லை. வீட்டில் மூணு துப்பாக்கி இருக்கு, ஒண்ணைக் கொடுத்தே ஆகணும், எதைக் கொடுப்பது? கேள்வி அவ்வளவுதான். இதைத் தேடிக்கிட்டே போனதில் நான் 1801ல் போய் நின்னேன்.

2020 தொடக்கத்தில் பெரியப்பா போன் பண்ணினார். வாடிப்பட்டிப் பக்கம் தோப்பும் வயலும் வச்சிருக்கார். “ஏப்பா, துப்பாக்கிச் சட்டத்தை மாத்திட்டாய்ங்களாமே. நெட்டுல பாத்து சரியாச் சொல்லு”ன்னார்.

பாத்தேன். செய்தி உண்மைதான். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை 2019 டிசம்பரில் திருத்தியிருந்தாங்க. அதுவரை உரிமம் உள்ள ஒருவர் மூணு துப்பாக்கி வரை வச்சுக்கலாம். திருத்தத்துக்குப் பிறகு ரெண்டுதான். மசோதாவில் முதலில் இருந்தது ஒண்ணு. எதிர்ப்பு வந்த பிறகு ரெண்டாக்கினாங்க. கூடுதலா வச்சிருக்கிறவங்க எந்த ரெண்டு வேணும்னு தாங்களே முடிவு செஞ்சு, மிச்சத்தை ஒரு வருஷத்துக்குள்ள, அதாவது 2020 டிசம்பர் 13க்குள், போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கணும். கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி எல்லாம் ஒரே கணக்கு. பரம்பரைச் சொத்தா வந்தாலும் ரெண்டைத் தாண்டக் கூடாதுன்னு தனியா ஒரு வரியும் இருக்கு.

பெரியப்பாகிட்ட சரியா மூணு இருந்தது.

முதலாவது, பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் எடுத்து வாங்கின 12 போர் ரெட்டைக் குழல் துப்பாக்கி. ரெண்டாவது, பாயின்ட் 32 வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வர். பர்மிங்ஹாமில் செஞ்சது. நாடு விட்டுப் போன ஒரு எஸ்டேட் வெள்ளைக்காரரிடமிருந்து எங்க தாத்தா வாங்கியது. தாத்தா இறந்த பிறகு பெரியப்பா பேருக்கு வந்தது. மூணாவது, கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செஞ்ச இன்னொரு பாயின்ட் 32 ரிவால்வர். நெல் வியாபாரம் பாத்த காலத்தில் பணத்தோட ராத்திரி வண்டியில் வரணும்னு பெரியப்பா தன் காசில் வாங்கினது.

இந்த ரெண்டு ரிவால்வருக்கும் ஒரு உறவு இருக்கு. கான்பூர் ரிவால்வரின் வடிவமே பழைய வெப்லி மார்க் 4ஐ ஒட்டினதுதான். ரெண்டுமே குழலை முன்பக்கம் மடக்கித் தோட்டா போடுற வகை, ஆறு தோட்டா. அப்பன் ஒரு பெட்டியில், மகன் ஒரு பெட்டியில். ஒருத்தரை அனுப்பணும்.

இன்ஜினியரிங் படிச்சவன் என்ன செய்வான்? நான் எக்செல் ஷீட் போட்டேன். உதிரி பாகம் கிடைக்குமா, இன்னும் எத்தனை வருஷம் ஓடும், வித்தா என்ன கிடைக்கும்னு கட்டம் கட்டி மதிப்பெண் போட்டேன். 12 போர் இருக்கட்டும்னு வந்தது. கைத்துப்பாக்கியில் கான்பூர் ஜெயிச்சது. புதுசு, ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு. வெப்லி விற்பனை விலையில் ஜெயிச்சது. 1980களின் நடுவில் தனியாருக்குத் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தின பிறகு, ஏற்கனவே நாட்டுக்குள்ள இருந்த வெளிநாட்டுச் சரக்குக்கு எப்பவும் கிராக்கி. அதனால் ஷீட் சொன்ன பதில்: வெப்லியை விற்று, கான்பூரை வச்சுக்கோங்க.

பெரியப்பா ஷீட்டைப் பாத்துட்டு, “நல்லாத்தான் போட்டிருக்க”ன்னார். ஏத்துக்கலைன்னு அதுக்கு அர்த்தம்.

இந்த இடத்தில்தான் நான் பின்னால் போய்ப் படிக்க ஆரம்பிச்சேன். இந்த மண்ணில் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது இது முதல் தடவை இல்லையே?

1801 அக்டோபர் 1ஆம் தேதி கர்னல் அக்னியூவின் படை காளையார்கோயிலைப் பிடித்தது. அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்சீமைப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை. திரித்துப்பாக்கி, வேல் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். மீறினால் மரண தண்டனை. அதற்குப் பதிலாக, நிலவரியை நிரந்தரமாக நிர்ணயம் செய்து தருகிறோம் என்று ஒரு வாக்குறுதி. ‘ஆயுதத்தைக் கொடு, பட்டாவை வாங்கிக்கொள்’ என்கிற பேரம்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதுவரை வந்துவிடும். நான் கவனிக்காமல் விட்டது அதே பிரகடனத்தில் இருக்கும் ஒரு விதிவிலக்கு. பாளையக்காரர்களின் அந்தஸ்துக்காகவும் ஆடம்பரத்துக்காகவும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேல்காரர்களை வைத்துக்கொள்ள அனுமதி தருவதாக அது சொல்கிறது. எத்தனை பேர் என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சண்டைக்கு உதவுகிற துப்பாக்கி போக வேண்டும். ஊர்வலத்தில் முன்னால் போகிற வேல் இருக்கலாம். ஒரு மனுஷனிடம் இருந்து எதை எடுத்தால் அவன் பலம் போகும், எதை விட்டுவைத்தால் அவன் மானம் போகாது என்று கம்பெனி அதிகாரிகளுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. எண்ணிக்கையைக் குறைக்கிறவன் இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறான்.

வளரிக்கும் இதே கதைதான். வளைந்த எறிதடி. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி, 1830ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். பிறகு அதே வெல்ஷ், 1801ல் அவருக்கு எதிரான படையில் இருந்தார். கற்றுக்கொடுத்தவரை வேட்டையாடிய படையில்!

ஆயுதம் பறிபோன பிறகு வளரி என்ன ஆனது? போர்க்களத்தை விட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனது. இந்தப் பக்கத்துச் சில திருமணங்களில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததை, எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். நூறு வருஷம் கழித்தும் பொருள் இருந்தது. அதை வீசத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வந்தன. இன்று வளரியைப் பார்க்க நம்மில் பெரும்பாலானவர்கள் அருங்காட்சியகத்துக்குத்தான் போகணும்.

அதுக்குப் பிறகு வந்தவை எல்லாம் தாளில் எழுதின கணக்கு. 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு 1959 சட்டம் அந்த இன வேறுபாட்டை விட்டுவிட்டு, லைசென்ஸ் முறையைத் தொடர்ந்தது. 1983 திருத்தம் ‘ஆளுக்கு மூணு’ என்றது. 2019 ‘ஆளுக்கு ரெண்டு’ என்றது. 1801க்கும் 2019க்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். அது தோற்றவர்கள் மேல் ஜெயித்தவர்கள் திணிச்சது. இது நாம தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் போட்டது. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் தண்டனை என்பதும் இதே திருத்தத்தில்தான் வந்தது. எனக்குத் துப்பாக்கி குறைவதில் வருத்தம் இல்லை. நான் சொல்ல வர்றது, எண்ணிக்கையை அரசு சொல்லிடும், எது மிஞ்சணும்னு வீடுதான் முடிவு செய்யணும் என்பதை.

சரி, பெரியப்பா வீட்டுக்கு வருவோம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 25. வழக்கம்போல டிராக்டர், மோட்டார், அரிவாள், மண்வெட்டிக்கெல்லாம் சந்தனம் குங்குமம். கூடத்தில் ஒரு பலகை மேல் தோட்டா இல்லாமல் மூணு துப்பாக்கியும். கொரோனா காரணமா வீட்டு ஆட்கள் மட்டும்தான். மதுரையில் இருந்து அக்கா வந்திருந்தார், பெரியப்பாவின் ஒரே மகள். சாப்பிட்டு முடிச்சதும் நான் பேச்சை எடுத்தேன். 2016 ஆயுத விதிகள்படி, எழுபது வயசு ஆனவரோ, இருபத்தஞ்சு வருஷம் துப்பாக்கி வச்சிருந்தவரோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாற்ற வழி உண்டு. அக்கா உரிமத்துக்கு விண்ணப்பிச்சா ஒண்ணை அவங்க பேருக்கு மாத்தலாம், எதையும் கொடுக்க வேண்டாம்னு சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எனக்கு.

அக்கா உடனே சொன்னாங்க: “என் வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைக இருக்கு தம்பி. பீரோ சாவியவே என்னால ஒளிச்சு வைக்க முடியல. எனக்கு இது வேணாம்.”

பெரியப்பா முகம் மாறிச்சு. ஆனா மறுத்துப் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார்: “கான்பூரு போகட்டும்.”

ஏன்னு கேட்டேன். ஷீட்டில் ஜெயிச்சது அதுதானே?

“அதை வாங்குனது பயத்துல. கையில ரொக்கம் இருந்துச்சு, ரோட்டுல வெளிச்சம் இல்ல. இப்ப பணமெல்லாம் பேங்க்குலயே வருது. பயம் போச்சு, அது எதுக்கு? எலெக்சனுக்கு எலெக்சன் ஸ்டேஷன்ல கொண்டு போய் வச்சு, திருப்பி வாங்கிட்டு வர்றதுக்கா?”

“அப்ப வெப்லி மட்டும் எதுக்கு பெரியப்பா?”

“எதுக்கும் இல்ல. அது எங்கய்யாவோடது.”

எனக்கு உடனே அந்த விதிவிலக்கு ஞாபகம் வந்தது. ஊர்வலத்தில் போகிற வேல். உபயோகம் எதுவும் இல்லாத, பேருக்காக மட்டும் இருக்கிற ஆயுதம். கம்பெனி கணக்குப் போட்ட மாதிரியே பெரியப்பாவும் போட்டார். ஷீட்டில் அந்தக் கட்டத்தை நான் போடவே இல்லை. போட்டிருந்தாலும் என்ன மதிப்பெண் கொடுப்பது?

நவம்பர் மாசம் கான்பூர் ரிவால்வரை டீலரிடம் ஒப்படைச்சோம். கூட நான் போனேன். புத்தகத்தில் பதிவு, ரசீது, லைசென்ஸில் திருத்தத்துக்கு மனு. வெளியே வந்ததும் பெரியப்பா ஒரு டீ குடிச்சார். “லேசா இருக்கு”ன்னார். எது லேசுன்னு நான் கேட்கலை.

ஆனா கேள்வி முடியலை. வெப்லி இன்னமும் பலகை மேல்தான் இருக்கு. பெரியப்பாவுக்குப் பிறகு யார்? அக்கா வேண்டாம்னு சொன்னது நியாயம்னு நான் நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைவிடப் பெரிய காரணம் வேணுமா? அப்போ ஒரு நாள் அதுவும் டீலர் கடைக்குப் போகும். போகட்டும். வளரி விஷயத்தில் எனக்கு உறுத்துவது அது போனதே இல்லை. வீசியவர்கள் எப்படி வீசினார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு நம்ம ஆள் யாரும் எழுதி வைக்கலை. நமக்குக் கிடைப்பது வெல்ஷ் எழுதினதும் தர்ஸ்டன் எழுதினதும்தான்.

அதனால் நான் ஒண்ணு செஞ்சேன். பெரியப்பாவை உட்கார வச்சு ரெண்டு மணி நேரம் ரெக்கார்டு பண்ணினேன். தாத்தா அதை யாரிடம், எப்படி வாங்கினார், எத்தனை தடவை சுட்டார், யார் சொல்லிக்கொடுத்தது, எல்லாம். ஒரே ஒரு தடவைதான் சுட்டாராம், அதுவும் கிணத்து மேட்டில் வச்ச மண்சட்டியைப் பாத்து. குறி தப்பிடுச்சாம்.

உங்க வீட்டிலோ சொந்தக்காரங்க வீட்டிலோ ஒரு பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தா, அதை வச்சிருக்கிற பெரியவர்கிட்ட இந்த வாரமே போய் உட்காருங்க. பொருளைக் கொடுக்கிறதுக்கு முன்னால் கதையை வாங்கிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.