அடுப்பேற்றாத பெருநாள் இனிப்பு: ஹைஸ் முதல் சாக்லேட் உருண்டை வரை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் மீஞ்சூரைக் கடந்தால் அனுப்பம்பட்டு வரும். அதற்கடுத்த நிலையம் பொன்னேரி. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை பழவேற்காட்டில், ஏரியும் கடலும் சந்திக்கும் இடத்தில் முடிகிறது. ஒருபுறம் மீனவக் குப்பங்கள், மறுபுறம் பள்ளிவாசல்களைச் சூழ்ந்த பழைய தெருக்கள் என அமைந்த வட்டாரம் இது. இங்குள்ள வீடுகளிலும், நம் சமூகத்தார் வாழும் பிற ஊர்களிலும், பெருநாள் இரவில் அண்மைக்காலமாக ஒரு புதிய பண்டம் உருவாகிறது. வேர்க்கடலையை வெண்ணெய்போல் அரைத்து, கொக்கோத் தூளும் இனிப்பும் சேர்த்து, அடுப்பில் ஏற்றாமலே பிள்ளைகள் உருட்டும் சாக்லேட் உருண்டைதான் அது.

வீட்டுப் பெரியவர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. "மேலைநாட்டார் கிறிஸ்துமஸுக்குச் செய்வது நம் பெருநாளுக்கு எதற்கு?" என்று அவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியைப் புறந்தள்ளக் கூடாது. பிற சமயத்தாரின் வழிபாட்டு அடையாளங்களை நாம் மேற்கொள்ளலாகாது என்ற கவலையிலிருந்து அது பிறக்கிறது. ஆயினும் அதற்கு விடை சொல்லுமுன் ஒரு செய்தியை ஆராய்வது நலம். இப்பண்டத்தில் எது அந்நியம், எது நம்முடையது என்பதே அது. வரலாறு இதற்கு எதிர்பாராத விடையைத் தருகிறது.

பாலைவனப் பயணத்தில் ஒரு விருந்து

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு. கைபர் போர் முடிந்து பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்த வலீமா விருந்து நடந்தது. அவ்விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. அவற்றின் மீது பேரீச்சம்பழமும், உலர்ந்த பாலாடைக்கட்டியும், நெய்யும் இடப்பட்டன. இம்மூன்றையும் பிசைந்து செய்யும் கலவைக்கு அரபியர் ஹைஸ் என்று பெயரிட்டிருந்தனர். பயணத்தின் இடையே, இறைத்தூதரின் மணவிருந்தே அடுப்பேற்றாத இனிப்பால் நிறைவெய்தியது.

ஹைஸ் அவர்களின் இல்லத்துக்கும் புதிதன்று. ஒருநாள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டிற்கு அது அன்பளிப்பாக வந்தது. அன்று உபரி நோன்பு நோற்றிருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் அந்நோன்பை விடுத்து அதை உண்டார்கள் என்று முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு உணவு ஸவீக். வாற்கோதுமையை முன்கூட்டியே வறுத்து மாவாக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நீரோ நெய்யோ பேரீச்சையோ சேர்த்து உண்பர். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் மதீனாவின் எல்லைப்புறத்தைத் தாக்கிவிட்டுத் தப்பியோடிய குறைஷியர், சுமையைக் குறைக்க ஸவீக் மூட்டைகளை வழியில் எறிந்து சென்றனர். அதனால் அந்நிகழ்ச்சிக்கே ஸவீக் போர் என்ற பெயர் நிலைத்தது.

ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் கழித்து, 1226ஆம் ஆண்டில், பாக்தாதைச் சேர்ந்த முஹம்மது பின் அல்ஹஸன் என்பவர் சமையற்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலும் ஹைஸ் இடம்பெறுகிறது. அதற்குள் அது நகர நாகரிகத்தின் மெருகைப் பெற்றுவிட்டது. உலர்ந்த ரொட்டியை நொறுக்கித் தூளாக்கி, கொட்டை நீக்கிய பேரீச்சையோடும் பொடித்த பாதாம், பிஸ்தாவோடும் கையால் பிசைந்து, நல்லெண்ணெயோ வெண்ணெயோ ஊற்றி உருட்டி, சர்க்கரைப் பொடியைத் தூவ வேண்டும் என்பது அவர் தரும் முறை. பயணிகளுக்கு இது ஏற்றது என்றும் குறிப்பிடுகிறார். இன்று பிஸ்கட்டை நொறுக்கி, கடலை வெண்ணெயில் பிசைந்து, கொக்கோத் தூளில் புரட்டும் நம் பிள்ளைகள் அந்நூலைக் கண்டதில்லை. ஆனால் அவர்களின் கைகள் செய்யும் வேலை அதில் எழுதப்பட்டதேயாகும்.

நம் ஊர் உரலில்

வட தமிழகத்தின் உரல்களும் இதே நுட்பத்தை அறிந்திருந்தன. கேழ்வரகு அடையைச் சுட்டுப் பிய்த்து, வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்துப் பிடிக்கும் சிமிலி உருண்டையை நம் பாட்டிமார் நன்கறிவர். பொட்டுக்கடலை மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடிக்கும் மாலாடும் இவ்வகையினதே. ஸவீக்கில் வாற்கோதுமை முன்னமே வறுபட்டது, சிமிலியில் அடை முன்னமே சுடப்பட்டது. தீயின் வேலை முதலிலேயே முடிந்துவிட, எஞ்சியது கையின் வேலை. பாகு காய்ச்சும் அச்சமோ பதம் தவறும் கவலையோ இன்றிப் பிள்ளைகளும் பங்கேற்கக்கூடிய வேலை அது.

ஆயினும் நம்முடையது என்று நாம் உரிமை பாராட்டும் வேர்க்கடலை நம் மண்ணில் பிறந்ததன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் அதைக் கடல்தாண்டிக் கொண்டுசென்றனர். வட மாவட்டங்களில் அதற்கு மணிலாக்கொட்டை என்றும், அது மருவி மல்லாட்டை என்றும் பெயர். பிலிப்பைன்ஸின் மணிலா நகரை நினைவூட்டும் பெயர் அது. அரபியரோ அதைச் சூடான் அவரை என்னும் பொருள்பட ஃபூல் சூதானீ என்றழைக்கின்றனர். ஒவ்வொரு சமூகமும் அது தன்னிடம் வந்து சேர்ந்த வழியைப் பெயராக்கியதே தவிர, அதன் பிறப்பிடத்தை எவரும் பெயரில் வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு நிலங்கள் கடலை பயிரிடுவதில் முன்னணி பெற்றன. அவ்விளைச்சல் புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்ஸின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. வெளிநாட்டிலிருந்து வந்த கொட்டை நம் உழவரின் வாழ்வாதாரமாயிற்று. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

கடலையை வெண்ணெய்போல் அரைப்பதற்கு 1884இல் கனடாவின் மொன்றியால் நகரைச் சேர்ந்த மார்செல்லஸ் எட்சன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெச்.பி. ரீஸ் என்பவர் 1928இல் சாக்லேட்டையும் கடலை வெண்ணெயையும் இணைத்து மிட்டாய் செய்து விற்றார். கிறிஸ்துமஸ் பண்டம் என்று நாம் கருதும் கலவை பழமையானதன்று. அதில் வழிபாட்டுக்குரிய அம்சம் எதுவும் இல்லை. அது கடைச்சரக்காகப் பிறந்து விழாக்காலப் பழக்கமாக மாறியது, அவ்வளவே.

பழவேற்காடும் கொக்கோவும்

கொக்கோவின் கதை பழவேற்காட்டுக் கதையோடு அருகருகே நடக்கிறது. டச்சுக்காரர்கள் 1610இல் விஜயநகர அரசிடம் உரிமை பெற்றுப் பழவேற்காட்டில் வாணிகம் தொடங்கி, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுவே. இங்கிருந்து கப்பலேறிய முக்கியச் சரக்கு துணி. மலாய் முஸ்லிம்கள் இன்றும் தொழுகைக்கு உடுத்தும் கோடிட்ட கைலியைக் காயின் பெலிக்காத் என்கின்றனர். பெலிக்காத் என்பது பழவேற்காட்டின் பெயரே. தங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கடல்வழியே வந்தவர்கள் என்ற மரபுச் செய்தியைப் போற்றும் இவ்வூர் முஸ்லிம்களுக்குக் கீழைக்கடல் அந்நியமாக இருந்ததில்லை.

சோழமண்டலத் துணியைக் கொடுத்து, இன்றைய இந்தோனேசியாவின் அம்போன், பண்டா முதலிய தீவுகளிலிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் பெறுவதே டச்சு வாணிகத்தின் அடிப்படை. அந்த அம்போன் தீவை 1796இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இரண்டே ஆண்டுகளில், 1798இல், அங்கிருந்து கொணர்ந்த கொக்கோச் செடிகள் குற்றாலத்தில் நடப்பட்டன. இந்திய மண்ணில் கொக்கோ வேரூன்றியது நம் தமிழ்நாட்டில்தான். அது வணிகப் பயிராகப் பரவியது 1960களுக்குப் பின்னரே. இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது காய்க்கிறது. பழவேற்காட்டை டச்சுக்காரர் 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் சென்ற மூன்றாண்டுகளில், 1828இல், ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பத்தார் கொக்கோ விதையின் கொழுப்பைப் பிழிந்தெடுத்துத் தூளாக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். இன்று நம் அடுக்களை டப்பாவில் இருக்கும் கொக்கோத் தூள் அம்முறையின் வழிவந்ததே.

இனிப்பின் விலை

இவ்வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பெருமையை மட்டும் பேசுவது நீதியாகாது. பண்டா தீவுகளின் ஜாதிக்காய் முழுவதையும் தமதாக்க, 1621இல் டச்சுக் கம்பெனியார் அத்தீவு மக்களைக் கொன்றும் சிறைப்பிடித்தும் அழித்தனர். பழவேற்காட்டிலிருந்தும் துணி மட்டும் ஏற்றப்படவில்லை. போராலும் பஞ்சத்தாலும் நலிந்த நம் கரையோர மக்கள் அடிமைகளாக விலைபேசப்பட்டு, படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். மனிதரை விடுவிப்பதற்கு ஸகாத்தின் எட்டுப் பங்குகளுள் ஒன்றை ஒதுக்கிய மார்க்கத்தின் மக்கள் நாம். நம் கண்ணெதிரே இருந்த துறைமுகத்தில் நடந்ததை நாம் மறக்கலாகாது.

அது பழங்கதை என்று அமைதி கொள்ளவும் வழியில்லை. உலகின் கொக்கோவில் பெரும்பகுதி விளையும் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய நாடுகளில் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் கொக்கோத் தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர்களாக இருப்பதாக, சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. நம் பிள்ளைகள் சுவைக்கும் இனிப்புக்கு வேறொருவர் பிள்ளை கத்தியேந்தி உழைத்திருக்கக்கூடும்.

எனவே "இது கிறிஸ்துமஸ் பண்டமா?" என்ற கேள்வியைவிட நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. திருக்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசுமிடத்தில் ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது தூய்மையானது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சாக்லேட்டில் மது கலந்த நிரப்பல் உண்டா, மார்ஷ்மெல்லோவில் உள்ள ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று உறையைப் புரட்டிப் பார்ப்பது முதற்படி. வேர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கக் கற்பித்த நபியின் உம்மத்தாகிய நாம், உழைத்தவருக்கு உரியது சேர்ந்ததா என்று கேட்பது அடுத்த படி. தென்னிந்தியத் தோப்புகளில் விளைந்த கொக்கோவைக் கொண்டு செய்யும் தூள் இப்போது கிடைக்கிறது. இயன்றவர் அதைத் தேடி வாங்கலாம்.

செய்முறை

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 250 கிராம், கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சை 200 கிராம், பிஸ்கட் 100 கிராம், நாட்டுச்சர்க்கரை 50 கிராம், கொக்கோத் தூள் 4 மேசைக்கரண்டி, நெய் 2 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளவும். சுருங்கிய, பூசணம் பிடித்த கடலைகளை முதலிலேயே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவை உடலுக்குத் தீங்கானவை.

கடலையை மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்கவும். முதலில் பொடியாகும், பிறகு திரளும், அதன்பின் தன் எண்ணெயிலேயே இளகி வெண்ணெய்ப் பதம் பெறும். தண்ணீர் ஒரு துளியும் சேர்க்கலாகாது, சேர்த்தால் விரைவில் கெடும். பேரீச்சையைத் தனியே மசித்து, பிஸ்கட்டைப் பொடித்து, கொக்கோவில் ஒரு கரண்டியை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் கையால் பிசையவும். நெல்லிக்காய் அளவில் உருட்டினால் ஏறத்தாழ 40 உருண்டைகள் வரும். ஒதுக்கிய கொக்கோவில் அவற்றைப் புரட்டி எடுக்கவும். பிஸ்கட்டுக்கு மாற்றாகப் பச்சை மைதாவைச் சேர்க்க வேண்டாம், அது வேகாத மாவு.

உருக்கிய சாக்லேட்டைப் போர்த்துவது மேலைநாட்டு வழக்கம். கொக்கோக் கொழுப்பு சுமார் 34 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். நம் கடற்கரை வெயிலுக்கு அது தாங்காது. பேரீச்சையும் கடலையும் பிணைத்த உருண்டைக்கோ அந்தக் குறை இல்லை. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள் பெயர்பெற்றவை. அவற்றில் அடுக்கிக் கொடுத்தால் பண்டத்துக்கு அழகும், முடைந்த கைகளுக்கு வருவாயும் சேரும். கொடுக்கும்போது வேர்க்கடலை சேர்ந்திருப்பதைச் சொல்லிவிடுவது கடமை. அது ஒவ்வாதவர்களுக்கு உயிராபத்தாக முடியலாம்.

நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் ஒற்றைப்படையில் பேரீச்சம்பழம் உண்பது நபிவழி. ஃபித்ராவை உரியவர்களிடம் தொழுகைக்கு முன்பே சேர்ப்பது கடமை. இவ்விரண்டுக்கும் பின்னரே இனிப்புப் பெட்டிகள் தெருவில் இறங்க வேண்டும். குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டைவீட்டாருக்குக் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். வலையோடு கரையேறும் மீனவ அண்ணனின் வீடும் நமக்கு அண்டைவீடுதான். இம்முறை பிள்ளைகள் உருட்டும் 40 உருண்டைகளில் முதற்பெட்டி அவ்வீட்டுக்குச் செல்லட்டும். ஹைஸின் கதையையும், பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் கதையையும் உருட்டும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.