பர்மாவில் ஜட்சன் பாதிரியார்

மதத் தொண்டின் பொருட்டுக் கடல் கடந்து வந்த மேனாட்டுப் பாதிரிமார்களைப்பற்றி நம்மவர்களிடையே இருவகைப் பேச்சு உண்டு. அவர்கள் ஐயமென்பதே அறியாத அருளாளர்கள் என்பர் ஒரு சாரார். துரைத்தனத்தாரின் கொடிக்கு முன்னோடியாக வந்தவர்களே என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கும் சிரமத்தை மேற்கொள்வதில்லை. நாம் ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் எத்தகைய நம்பிக்கையோடு புறப்பட்டார், அதில் எது உடைந்தது, எது எஞ்சி நின்றது என்று பார்க்க விரும்புகிறோம். அவர், இன்று மியன்மார் எனப்படும் பர்மா தேசத்தில் 1813 முதல் 1850 வரை உழைத்த அமெரிக்கரான அடோனிராம் ஜட்சன். பினாங்குக்கு வர எண்ணியிருந்த அவர், கப்பல் கிடைக்காமையாலேயே பர்மாவுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது இந்நாட்டுத் தமிழருள் பலர் அறியாத செய்தியாகும்.

ஜட்சன் 1788ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஒரு குருவானவருக்கு மகனாய்ப் பிறந்தவர். கல்லூரியில் முதல் மாணவராகத் தேறியவர். அக்கல்லூரியிலேயே ஈம்ஸ் என்னும் நண்பரின் கூட்டுறவால், வேதம் இறைவன் அருளியதன்று, கடவுள் உலகத்தைப் படைத்ததோடு ஒதுங்கிவிட்டார் என்னும் பகுத்தறிவுக் கொள்கையை மேற்கொண்டார். வாதத்தில் தந்தையாரை எதிர்த்து நிற்க முடிந்தது. தாயாரின் கண்ணீரை எதிர்த்து நிற்க முடியவில்லை. பின்னர் ஊர் சுற்றப் புறப்பட்ட அவர் ஒரு சத்திரத்தில் தங்கிய இரவில், அடுத்த அறையில் ஒருவன் மரண வேதனையோடு முனகியது கேட்டுக்கொண்டேயிருந்ததாம். காலையில் விசாரித்தபோது இறந்தவன் அந்த ஈம்ஸே என்று தெரிந்ததாக அவருடைய சரித்திரம் எழுதினோர் கூறுவர். இதனைத் தெய்வச் செயலென்று போற்றுவோர் உளர். நமக்கோ இது அத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை. ஜட்சனும் அன்றைக்கே மனம் திரும்பிவிடவில்லை. ஆண்டோவர் இறையியற் பள்ளியில் சில மாதங்கள் படித்தும் வாதித்தும் ஆராய்ந்துமே கிறிஸ்துவைப் பற்றினார்.

1812 பிப்ரவரி 5ஆம் நாள் ஆன் ஹாசல்டைன் என்னும் பள்ளி ஆசிரியையை மணந்தார். 19ஆம் நாள் இருவரும் சேலம் துறைமுகத்தில் கப்பலேறினர். (நம் சேலமன்று, அமெரிக்காவில் உள்ள சேலம்.) கல்கத்தா சேர நான்கு மாதமாயிற்று. அப்பிரயாணத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. இவர்களை அனுப்பிய சபையார் குழந்தைகளுக்கு நீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். சேரம்பூரிலிருந்த வில்லியம் கேரி முதலிய பாப்டிஸ்டுகளோ, அறிவறிந்த வயதினரையே நீரில் முழுக்குபவர்கள். கேரியைச் சந்திக்கும்போது அவர் கொள்கையை மறுத்துப் பேசவேண்டுமென்று ஜட்சன் கப்பலில் கிரேக்க வேதத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தார். ஆராய ஆராயத் தம் கட்சியே வலுவிழப்பதைக் கண்டார். தாங்கள் பாப்டிஸ்டானாலும் நான் ஆகேன் என்று சொன்ன ஆன் அம்மையாரும் தனியே ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். 1812 செப்டம்பர் 6இல் இருவரும் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றனர். அதன் பயன், தங்களுக்குச் சம்பளமளித்த சபையின் ஆதரவை இழந்ததே. தண்ணீர் கொஞ்சமா அதிகமா என்னும் வழக்கு, வெளியே நிற்கும் நமக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால், அந்நிய தேசத்தில் கையில் காசின்றி நிற்க நேருமென்று அறிந்தும் தனக்கு உண்மையென்று பட்டதை ஒப்புக்கொள்ளும் மனிதர் எந்த மதத்திலும் மிகுதியாக இரார். ஈம்ஸின் மாணாக்கர் ஈம்ஸின் முடிவை விட்டுவிட்டாலும், ஆராயும் பழக்கத்தை விடவில்லை.

அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் பாதிரிமார்களைத் தம் வாணிபத்திற்கு இடையூறென்றே கருதினர். உடனே வெளியேறுமாறு உத்தரவு பிறந்தது. ஜட்சன் தம்பதிகள் மொரீசியஸ் தீவுக்கு ஓடினர். அவர்களோடு அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட ஹாரியட் நியூவெல் என்னும் 19 வயதுப் பெண் அதற்குள் அத்தீவில் மாண்டிருந்தாள். இனிப் பினாங்குத் தீவில் தொண்டு தொடங்குவதென்று முடிவு செய்து, அங்கே செல்லும் கப்பலை நாடி 1813 ஜூனில் சென்னப்பட்டணம் வந்தனர். பினாங்கு செல்லும் கப்பல் ஒன்றேனும் இல்லை. தாமதித்தால் கம்பெனியார் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவர். துறையில் நின்றது இரங்கூன் செல்லும் ஒரு கப்பலே, அதிலேறினர். நடுக்கடலில் ஆன் அம்மையாருக்கு முதற் குழந்தை இறந்தே பிறந்தது. ஜூலை மாதத்தில் இரங்கூனில் இறங்கியபோது அவரைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

அங்கே ஜட்சன் முதலில் செய்தது பிரசங்கமன்று. எழுத்தறிவிக்கும் பள்ளிப் பிள்ளையைப்போல் உட்கார்ந்ததே. பண்டிதருக்கு ஆங்கிலம் தெரியாது. இவருக்குப் பர்மியம் தெரியாது. பொருள்களைச் சுட்டிக் காட்டிப் பெயர் கேட்டுக் கேட்டுப் பாடம் நடந்தது. ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாலி மொழிச் சொற்களோ எங்கும் விரவிக் கிடந்தன. கடைவீதியிலும் வேலையாட்களோடும் பேசிப் பழகிய ஆன் அம்மையார் பேச்சு மொழியில் கணவரை விஞ்சினார். இரங்கூனில் வாழ்ந்த சயாமியரிடம் அவர்கள் பாஷையையும் கற்று, ஒரு சமய வினாவிடை நூலைச் சயாமிய மொழியில் பெயர்த்தார்; அது 1819இல் சேரம்பூரில் அச்சாயிற்று. பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று இன்றும் கேட்கும் பெரியவர்கள் இதனைக் கவனிப்பாராக.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. எட்டு மாதக் குழந்தையான மகன் ஒருவனைப் புதைத்தாயிற்று. ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. 1819இல் பாதையோரத்தில் பர்மியர் ‘ஸயாத்’ என்று சொல்லும் சாவடியொன்றைக் கட்டி, அந்நாட்டுக் குருமார்களைப்போலவே வருவோர் போவோரோடு உட்கார்ந்து பேசலானார். அவ்வாண்டு ஜூன் 27இல் மௌங் நௌ என்பவர் முதல் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மதச் சுதந்தரம் வேண்டி, ஐராவதி வழியே படகேறிச் சென்று பர்மிய மன்னர் பாஜிடாவைக் கண்டார். மன்னர் துண்டுப் பிரசுரத்தின் முதல் வரிகளை வாசித்துத் தரையில் எறிந்துவிட்டார். இனி இரங்கூனை விட்டுப் போவதே நலமென்று ஜட்சன் சொன்னபோது, அதனைத் தடுத்தவர்கள் அவருடைய சீடர் மூவரே. நாங்கள் பத்துப் பேராகும் வரையிலாவது இருங்கள். பின்னர் உங்களை இழந்தாலும் எங்கள் சங்கம் நிற்கும் என்று மன்றாடினர். அரசனின் சினத்திற்கு அஞ்ச வேண்டியவர்கள் அவர்களே. நம்பிக்கை கொடுக்க வந்தவர் நம்பிக்கை வாங்கிக்கொண்டார் என்றே நாம் சொல்வோம். சில மாதங்களுக்குள் அவர்கள் பத்துப் பேராயினர்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டது. ஆங்கிலேயர் பக்கம் சென்ற படையில் சென்னைச் சிப்பாய்ப் பட்டாளங்கள் பெரும்பகுதி. ஆகவே தமிழகத்து ஏழை மக்களும் அப்போரில் மடிந்தனர். ஜட்சன் அப்போது தலைநகரான ஆவாவில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து வரும் பணத்தை அவர் ஹென்றி கௌஜர் என்னும் ஆங்கில வியாபாரியின் மூலம் மாற்றி வந்தார். அந்தக் கணக்கே அவரை ஒற்றரென்று காட்டப் போதுமானதாயிற்று. ஜூன் 8ஆம் நாள் முகத்தில் பச்சை குத்திய கொலைத் தொழிலாளன் வீட்டினுள் நுழைந்து அவரைக் கயிற்றால் பிணித்து இழுத்துச் சென்றான். அடைத்த சிறையின் பெயர் ‘லெட்-மா-யூன்’. கை கூசாதே என்பது அதன் பொருளாம். காலில் மூன்று விலங்கு, பின்னர் ஐந்து. இரவில் கைதிகளின் கால்களினூடே மூங்கிலைச் செலுத்தி மேலே தூக்கிவிடுவர். தோளும் தலையும் மட்டுமே தரையில் படும்.

பதினொரு மாதம் இவ்வாறு கழிந்தும் அவர் உயிரோடிருந்ததற்குக் காரணம் ஆன் அம்மையார் ஒருவரே. கர்ப்பிணியாய், பர்மியப் பெண்களின் உடையணிந்து, அதிகாரி வீடு தோறும் மனுக் கொண்டு நடந்தார். காவலருக்குக் கைக்கூலி கொடுத்தார். சோறு கொண்டு சென்றார். ஜட்சன் பத்தாண்டு உழைத்துப் பெயர்த்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை முதலில் மண்ணில் புதைத்து வைத்தார். மழைக்காலத்தில் அது கெட்டுவிடுமென்று, எவரும் திருட விரும்பாத முரட்டுத் தலையணை ஒன்றினுள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதன்மீது தலைவைத்துச் சிறையில் படுத்தார் கணவர். 1825 ஜனவரியில் மேரியா என்னும் பெண் குழந்தை பிறந்தது. அச்சிறை வளாகத்தில் ஆங்கிலேயர் கொடியின் சின்னமென்று ஒரு சிங்கத்தைப் பட்டினியிட்டுக் கொன்றார்கள். காய்ச்சலால் வாடிய ஜட்சனுக்கு அந்தக் காலிக் கூண்டில் இருக்க அனுமதி கிடைத்தது பெரிய சலுகையாயிருந்தது!

மே மாதத்துக் கொடும் வெயிலில் கைதிகளை வெறுங்காலோடு ஊங்பென்லா என்னும் ஊருக்கு ஓட்டிச் சென்றனர். அந்தக் குழப்பத்தில் தலையணையின் மேலுறையை உரித்துக்கொண்ட ஒருவன் உள்ளிருந்த பஞ்சுருளையை எறிந்துவிட்டான். சீடரான மௌங் இங் அதனைக் குருவின் நினைவுப் பொருளாக எடுத்து வைத்தார். பல மாதம் கழித்துப் பார்க்கையில் ஏடுகள் உள்ளே சேதமின்றி இருந்தன. ஊங்பென்லாவில் ஆன் அம்மையார் கடும் நோய்ப்பட்டுப் பால் வற்றியது. காவலருக்குப் பணங்கொடுத்து, விலங்கோடு வெளியே வந்து, பால் கொடுக்கும் தாய்மார்களிடம் கைக்குழந்தையை ஏந்திக்கொண்டு வீடு வீடாக இரந்து திரிந்தார் ஜட்சன். வேதம் சொல்ல வந்தவரின் பிள்ளையைப் புத்த மதத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைக்குள்ள பாலைப் பகிர்ந்து காப்பாற்றினர்.

1825 நவம்பரில், சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவே சிறைக்கதவு திறந்தது. 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை ஆயிற்று. அதன்பின், முன்பு சிங்கப்பூரில் ரெசிடெண்டாயிருந்த ஜான் கிராபர்ட், ஆவா அரசவைக்குத் தூது செல்லும்போது ஜட்சனை உடன் அழைத்தார். மதச் சுதந்தரத்திற்கு ஒரு விதி சேருமென்ற ஆசையால் அவரும் போனார். அவ்விதி சேரவில்லை. அவர் ஆவாவில் இருக்கும்போதே, அக்டோபர் 24இல், ஆம்ஹர்ஸ்ட் என்னும் புதிய ஊரில் ஆன் அம்மையார் 36ஆம் வயதில் காலமானார். கறுப்பு முத்திரையிட்ட கடிதம் ஒரு மாதம் கழித்தே வந்தது. அடுத்த ஏப்ரலில் குழந்தை மேரியாவும் போயிற்று.

சிறையில் உடையாத மனிதர் இப்போது உடைந்தார். ஐந்து விலங்கைத் தாங்கிய நம்பிக்கையால் ஒரு வெற்று வீட்டைத் தாங்க முடியவில்லை. தாம் மிஷனெரியானதே புகழாசையால் தானோ என்னும் ஐயம் அவரைத் தின்றது. கல்லூரி அளித்த டாக்டர் பட்டத்தைத் துறந்தார். சொத்தைச் சபைக்கு எழுதி வைத்தார். தம்மைப் புகழ்ந்த கடிதங்களை அழித்தார். மனைவி இறந்த இரண்டாம் ஆண்டு நாளில் மௌல்மீன் அருகே காட்டில் ஒரு குடிசை புகுந்தார். தமக்கென ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்து, தம் உடல் அழுகும் விதத்தைச் சிந்தித்திருந்தார். கடவுள் உண்டென நம்புகிறேன், ஆனால் என்னால் அவரைக் காண முடியவில்லை என்னும் கருத்துப்பட 1829இல் எழுதினார். அவரை அருளாளராகத் தீட்டுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதுண்டு. அது நியாயமன்று. கப்பலில் தம் கட்சி தோற்றதை ஒப்புக்கொண்ட நேர்மையே இங்கும் பேசுகிறது.

அவர் மீண்டது அற்புதத்தாலன்று. நெடுநாள் மதப்பற்றின்றி இருந்த தம்பி நம்பிக்கையோடு இறந்தானென்ற செய்தி சற்று ஆறுதல் தந்தது. கடனடிமையாயிருந்து மீட்கப்பட்ட கோ தா பியு என்னும் கரேன் இனத்தார், ஒரு காலத்தில் கொள்ளைக்காரர், 1828இல் ஞானஸ்நானம் பெற்றுத் தம் மலைச்சாதியாரிடையே சுற்றித் திரிந்தார்; ஜட்சன் எதிர்பாராத அத்திசையிலேயே ஜனங்கள் திரண்டனர். 1831இல் இரங்கூன் ஷ்வேடகோன் திருவிழாவுக்கு வந்தவர்களில் ஆறாயிரம் பேர் தம் வாசலில் புத்தகம் கேட்டிருப்பர் என்று அவரே கணக்கிட்டார். எல்லாவற்றினும் மேலாக, நாள்தோறும் மேசைமுன் உட்காரவைத்த மொழிபெயர்ப்பு வேலை இருந்தது.

அவ்வேலையின் தன்மைக்கு ஒரு சான்று காட்டுவோம். பர்மியத்தில் ‘பயா’ என்றால் புத்தரையும் குறிக்கும், பகோடாவையும் குறிக்கும். எபிரேயரின் என்றுமுள்ள இறைவனை அச்சொல்லால் எப்படிச் சொல்வது? ‘தாவர பயா’ என்று அவருடைய வேதம் சொல்லுகிறது. பாலியிலிருந்து பர்மியம் ஏற்ற இந்தத் தாவரம், நம் பத்திர எழுத்தர்கள் ‘ஸ்தாவர சொத்து’ என்னும்போது வழங்கும் அதே சொல். அசையாதது, நிலைபெற்றது என்பது பொருள். யாவும் அநித்தியமென்று கற்பிக்கும் பௌத்தர்களிடையே நிலைபெற்றவனைப் பேச, அவர்களுடைய மறைமொழியிலிருந்தே ஒரு சொல் எடுத்தாளப்பட்டது. குழியோரத்தில் கடவுளைக் காணாத மனிதர் எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் இவ்வாறு சொல் சொல்லாகப் பெயர்த்து, 1834 ஜனவரி 31இல் முழு வேதத்தையும் முடித்தார். பின்னும் ஆறாண்டு அதனைத் திருத்தினார். இன்றும் பர்மியக் கிறிஸ்தவர் பெரிதும் வாசிப்பது அப்பதிப்பே. எனினும் எந்த ஜனங்களின் மொழியில் அதனை எழுதினாரோ, அந்தப் பர்மியரில் மிகப் பெரும்பாலோர் பௌத்தராகவே நிலைத்தனர். அந்நாட்டுக் கிறிஸ்தவரில் பெரும்பாலார் கரேன், கச்சின், சின் முதலிய மலை மக்களே.

1834இல் மணந்த சாரா அம்மையாரையும் 1845இல் செயின்ட் ஹெலினா தீவில் அடக்கம் செய்துவிட்டு, 33 ஆண்டுக்குப்பின் அமெரிக்காவில் கால் வைத்தார். சிறைக்கதை கேட்கக் கூட்டம் கூடியது. தொண்டை கெட்டிருந்தமையால் அவர் மெல்லச் சொன்னதை மற்றொருவர் உரக்கச் சொன்னார்; அதுவும் சிறைக்கதையாயிராமல் கிறிஸ்துவைப்பற்றியே இருந்ததால் ஜனங்கள் ஏமாந்தனர். எமிலி என்னும் எழுத்தாளரை மணந்து 1846இல் பர்மா திரும்பினார். அகராதி வேலையில் மூழ்கினார். ஆங்கில-பர்மிய அகராதி 1849இல் முடிந்தது. கடற்காற்று உடம்பைத் தேற்றுமென்று மருத்துவர் சொல்ல, 1850 ஏப்ரலில் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றினர். 12ஆம் நாள் நடுக்கடலில் உயிர் பிரிந்தது. அன்றிரவே உடலைக் கடலில் இறக்கினர். கரையிலிருந்த எமிலி அம்மையாருக்குச் செய்தி எட்ட ஏறக்குறைய நான்கு மாதமாயிற்று. பாதியில் நின்ற பர்மிய-ஆங்கில அகராதியின் தாள்களை ஸ்டீவன்ஸ் என்னும் பாதிரியார் எடுத்து முடித்து, 1852இல் வெளியிட்டார்.