அஞ்சல் துறையில் ஓர் ஆராய்ச்சியாளர்

அரசுப் பணியில் அமர்ந்தவரின் தமிழை அலுவலகக் கோப்பு விழுங்கிவிடும் என்று நம்மவர் சலித்துக் கொள்வதுண்டு. வி. கனகசபைப் பிள்ளையின் வாழ்க்கை அக்கூற்றுக்குப் பெரும்பாலும் மறுப்பு. சிறிது சான்றும் ஆகும்.

1855இல் சென்னையில் பிறந்தவர் அவர். தந்தையார் யாழ்ப்பாணத்து மல்லாகத்தவர். சட்டம் பயின்று, மதுரையில் சிலகாலம் வழக்குரைஞராக இருந்தபின், அஞ்சல் துறையிற் சேர்ந்து கண்காணிப்பாளர் பதவி வகித்தார். வழக்குரைஞர்க்கு வருவாய் வரும், வராமலும் போகும். அஞ்சல் துறையிலோ சம்பளம் மாதந்தோறும் வந்தது. (அதன் அருமையை நம் இல்லத்தரசியர் நன்கறிவர்!) அச்சம்பளத்தின் துணையாலேயே அவரால் ஆள் அமர்த்திப் பழஞ்சுவடிகளைத் திரட்டவும் படியெடுப்பிக்கவும் முடிந்தது. அலுவலின் பொருட்டு ஊர் ஊராகச் செல்ல நேர்ந்ததும் ஏடு தேடுவார்க்கு வாய்ப்பன்றோ?

எனினும் பகற்பொழுது அரசினருடையது. எஞ்சிய நேரத்தில் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகள் 1895 முதல் 1901 வரை 'மதராஸ் ரெவ்யூ' இதழில் சிறிது சிறிதாக வெளிவந்தன. 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்' என்னும் பொருளுடைய பெயரோடு அவை நூலானது 1904இல். 1906இல், ஐம்பது வயதளவில், அவர் மறைந்தார். ஓய்வூதியம் பெற்று அமைதியாக ஆராயும் காலம் அவர்க்குக் கிட்டவேயில்லை.

கொச்சியில் வாழும் நமக்கு அந்நூல் தனி உறவுடையது. தாலமி முதலிய யவன ஆசிரியரின் குறிப்புகளைச் சங்கப் பாடல்களோடு ஒப்பிட்டு, சேரர் தலைநகராகிய வஞ்சி, கொச்சிக்குக் கிழக்கே கோதமங்கலத்தை அடுத்த திருக்காரூரே என்று அவர் முடிவு கட்டினார். ரா. இராகவையங்கார் இதனை மறுத்து, ஆம்பிராவதிக் கரையிலுள்ள கருவூரே வஞ்சி என வாதிட்டார். புகளூர்க் கல்வெட்டையும் கரூரிற் கிடைத்த சேரர் காசுகளையும் நோக்க, பின்னவர் கட்சியே வலிதெனத் தோன்றுகிறது. ஆயினும் சேரரின் மேலைக்கடல் வாணிகத்தைக் கனகசபையார் வற்புறுத்தியது பொய்க்கவில்லை. வடக்கன் பறவூரை அடுத்த பட்டணத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடித் துண்டுகள் மிகுதியாகக் கிடைத்தன. முசிறி அவ்விடமே என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. தமிழர் வரலாற்றைத் தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார். அக்காலத்து அலுவலக மொழியும் அறிஞருலக மொழியும் அதுவே. பன்மொழிப்புலவர் கா. அப்பாத்துரையார் மொழிபெயர்த்த பின்னரே, ஆங்கிலம் அறியாத நம் வீட்டுப் பெரியோரும் அந்நூலைத் தமிழிற் படிக்க முடிந்தது.